தனித்தீவில் ஒரு மெய்யியல் பாடம்: இப்னு துஃபைலின் ‘ஹய் இப்னு யக்ழான்’ குறித்து

மெய்யியலைக் கற்கத் தொடங்கும் ஒருவர் கையில் முதலில் எந்த நூலைக் கொடுப்பது என்னும் வினாவுக்கு விடை கூறுவது எளிதன்று. இன்று கிடைக்கும் அறிமுக நூல்கள் பெரும்பாலும் இரு வகையின. ஒருவகை நூல் அத்துறையைக் கிளை கிளையாகப் பிரித்து வைக்கும். உள்ளது எது என ஆராய்வது மீவியற்பியல், அறிவது எவ்வாறு என ஆராய்வது அறிவாய்வியல், செய்யத்தக்கது எது என ஆராய்வது ஒழுக்கவியல், சரியாகச் சிந்திப்பதன் விதிகளை வகுப்பது அளவையியல், அழகைப் பற்றிய ஆய்வு அழகியல் என வரையறைகள் வரிசையாக வரும். மற்றைய வகை, அறிஞர்களின் வரலாறாக அத்துறையைச் சொல்லும். 1926-இல் வெளிவந்து உலகெங்கும் வாசிக்கப்பட்ட வில் டியூரன்ட்டின் ‘தத்துவத்தின் கதை’ இவ்வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பிளேட்டோவிலிருந்து அரிஸ்டாட்டிலுக்கு வரும் அந்நூல் அங்கிருந்து நேரே பிரான்சிஸ் பேக்கனுக்குத் தாவிவிடுகிறது. இடைப்பட்ட ஏறத்தாழ ஆயிரத்தொன்பது நூறு ஆண்டுகளில் மனிதகுலம் குறிப்பிடத்தக்க அளவு சிந்திக்கவில்லை என்ற எண்ணமே இளம் வாசகர் மனத்தில் பதியும். டியூரன்ட் பின்னர் 1950-இல் வெளியிட்ட ‘நம்பிக்கையின் யுகம்’ என்ற பெருநூலில் இஸ்லாமிய நாகரிகத்துக்கு விரிவான இடம் அளித்தார் என்பதையும் நேர்மைக்காகச் சொல்ல வேண்டும். எனினும் முதல் நூலை வாசித்தவர்களுள் எத்தனை பேர் இரண்டாவதைத் தேடிச் சென்றிருப்பர்?

இவ்விரு வகைகளும் பயனற்றவை என்பது நம் கருத்தன்று. ஆயினும் இரண்டிலும் பொதுவான ஒரு குறை உண்டு. வினாக்கள் ஏற்கெனவே கேட்கப்பட்டுவிட்டன, விடைகளை அறிந்துகொள்வதே நம் வேலை என்ற தோரணையை அவை தொடக்கத்திலேயே உண்டாக்கிவிடுகின்றன. 1912-இல் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் எழுதிய ‘மெய்யியலின் பிரச்சினைகள்’ என்னும் சிறுநூல் மட்டும் ஓரளவு விலக்கு. தாம் அமர்ந்து எழுதும் மேசை மெய்யாகவே தமக்குத் தோன்றுவதுபோல்தான் உள்ளதா என்ற ஐயத்திலிருந்து அவர் தொடங்குகிறார். கூர்மையான தொடக்கம்தான். ஆனால் ஒரு மேசையைப் பற்றி ஐயுறுவதற்கு ஓய்வும், கற்றோர் சூழலும், ஓரளவு விளையாட்டு மனநிலையும் வேண்டும். மனிதனை மெய்யாகவே உலுக்கிச் சிந்திக்க வைப்பவை பெரும்பாலும் மேசைகள் அல்ல.

நம் சமூகத்தைப் பொறுத்தவரை இவ்வினாவுக்கு இன்னொரு முகமும் உண்டு. மெய்யியல் ஈமானுக்கு ஊறு விளைவிக்கும் எனக் கருதி அதனை ஏறெடுத்தும் பாராதோர் ஒருபுறம். அரிஸ்டாட்டிலை ஐரோப்பாவுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நாமே என மேடைதோறும் பெருமை பேசுவோர் மறுபுறம். இவ்விரு சாராரும் ஒரு விடயத்தில் ஒற்றுமை உடையவர்கள்: அந்நூல்களை இருவருமே வாசிப்பதில்லை. முதற்சாரார் பெரிதும் துணைக்கழைக்கும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களோ, ‘அல்முன்கித் மினழ் ழலால்’ என்ற தம் நூலில் மெய்யியலாளரின் கலைகளைக் கணிதம், அளவையியல், இயற்கையியல், இறையியல், அரசியல், ஒழுக்கவியல் என ஆறாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே தீர்ப்பு வழங்கினார். கிரகணம் பற்றிய கணக்கை மறுப்பதன் மூலம் மார்க்கத்தைக் காப்பதாக எண்ணுபவன் மார்க்கத்துக்குத் தீங்கிழைக்கும் அறிவிலித் தோழன் என்பது அவர் கருத்து. ஆறு கிளைகளையும் கற்று முடித்த பின்னரே அவர் மறுக்க முற்பட்டார் என்பதை அவரைத் துணைக்கழைப்போர் மறந்துவிடலாகாது.

இத்தகைய சூழலில், அறிமுக நூலாகப் பரிந்துரைக்கத்தக்க ஒன்றை நாம் முன்வைக்கிறோம். அது எண்ணூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமை உடையது. கதை வடிவில் அமைந்தது. ஓரிரு நாளில் வாசித்து முடிக்கத்தக்க அளவினது. அதனைப் போற்றுவது மட்டும் நம் நோக்கமன்று. அதன் குறைகளும் தொடக்கநிலை மாணவருக்குப் பாடமாக அமையத்தக்கவை என்பதாலேயே அதனைத் தெரிந்தெடுத்தோம்.

நூலாசிரியர் அபூபக்ர் முஹம்மத் இப்னு துஃபைல், அந்தலூஸின் கர்னாத்தாவுக்கு அண்மையிலுள்ள வாதீ ஆஷ் என்ற ஊரில் கி.பி. பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்தவர். மருத்துவர்; முவஹ்ஹிதூன் கலீஃபா அபூ யஃகூப் யூஸுஃபின் (ஆட்சி 1163–1184) அரண்மனை மருத்துவராகவும் அணுக்கராகவும் விளங்கியவர். ஹிஜ்ரி 581-இல், அதாவது கி.பி. 1185-இல், மராகிஷ் நகரில் காலமானார். ‘ஹய் இப்னு யக்ழான்’ என்ற தலைப்பு அவர் கண்டதன்று. அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே இப்னு ஸீனா அதே பெயரில் ஓர் உருவகக் கதை எழுதியிருந்தார். ‘விழித்திருப்பவனின் மகனாகிய உயிருள்ளவன்’ என்ற பொருள்தரும் அப்பெயரையும், ஸலாமான், அப்ஸால் என்ற வேறிரு பெயர்களையும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டு முற்றிலும் வேறான கதையொன்றை இப்னு துஃபைல் புனைந்தார்.

நிலநடுக்கோட்டின் கீழ் அமைந்த இந்தியத் தீவுகளுள் ஒன்றில் ஹய் என்னும் குழந்தை தனித்து வளர்கிறது. (இவ்வருணனையைக் கண்டதும் நம் கரையோர வாசகர்களுக்கு ஸரந்தீபின் நினைவு எழுதல் இயல்பு. ஆனால் இலங்கையின் தென்முனைகூட நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ ஆறு பாகை வடக்கே உள்ளது. ஆசிரியர் தேடியது ஒரு புவியியல் இடத்தையன்று, தட்பவெப்பம் முற்றிலும் சமநிலையில் உள்ள ஒரு கற்பனை நிலத்தையே.) அக்குழந்தை அங்கு வந்தது எவ்வாறு என்பதற்கு ஆசிரியர் இரு விளக்கங்களை அருகருகே வைக்கிறார். தாயும் தந்தையுமின்றி நொதித்த களிமண்ணிலிருந்து தோன்றியது என்பது ஒன்று. அண்டைத் தீவின் அரசனுடைய சகோதரி, தான் மறைவாக மணந்தவருக்குப் பெற்ற குழந்தையை அச்சத்தின் காரணமாகப் பேழையில் இட்டுக் கடலில் விட்டாள் என்பது மற்றொன்று. நபி மூஸா (அலை) அவர்களின் வரலாற்றை அறிந்த எவருக்கும் இரண்டாவதன் எதிரொலி விளங்கும். எது சரி என ஆசிரியர் தீர்ப்புக் கூறுவதில்லை. மெய்யியல் மாணவர் பெறும் முதற்பாடம் இதுவே: இரு விளக்கங்களை ஒருங்கே மனத்தில் ஏந்திக்கொண்டு மேலே செல்லப் பழகுதல்.

குட்டியை இழந்த பெண்மானொன்று அக்குழந்தைக்குப் பாலூட்டி வளர்க்கிறது. ஒருநாள் அம்மான் இறந்துவிடுகிறது. நூலின் உயிர்நாடியான பகுதி இதுவே என்பது நம் துணிபு. தான் அழைத்தால் வரும் தாய் இப்போது வரவில்லை. சிறுவன் அதன் காதுகளையும் கண்களையும் ஆராய்கிறான். வெளியே எக்குறையும் தென்படவில்லை. தன் கண்ணை மூடினால் காட்சி தடைபடுவதையும், காதைப் பொத்தினால் ஒலி தடைபடுவதையும் அவன் அறிவான். அவ்வாறே இத்தாயின் எல்லாச் செயல்களையும் ஒரே வேளையில் தடைசெய்த ஏதோவொன்று உள்ளுறுப்பு ஒன்றில் நேர்ந்திருக்க வேண்டும், அத்தடையை நீக்கினால் அவள் மீண்டும் எழுவாள் என அவன் முடிவு செய்கிறான். கல்லின் கூரிய சில்லுகளையும் உலர்ந்த நாணற் பிளவுகளையும் கொண்டு மார்பைப் பிளக்கிறான். இதயத்தை அடைகிறான். அதன் வலப்பக்க அறையில் உறைந்த குருதி. இடப்பக்க அறையோ வெறுமை. குருதி உடலெங்கும் உள்ளது, அதனை இழந்தும் தான் பலமுறை உயிர்வாழ்ந்திருக்கிறான். ஆகவே தான் தேடிய பொருள் அந்த வெற்றறையில் குடியிருந்து வெளியேறிவிட்டது என அவன் துணிகிறான்.

இங்கு மெய்யியலின் எத்தனைக் கிளைகள் ஒருசேர முளைவிடுகின்றன என்பதை நோக்க வேண்டும். காரணத்தைத் தேடுவது இயற்கையியல். புலன் தடைபடுவதிலிருந்து உயிர் தடைபடுவதற்கு ஒப்புமை கொண்டு செல்வது அறிவாய்வியலின் பொருளாகிய அனுமானம். தன்மீது அன்பு செலுத்தியது இந்த உடலா, இதனைக் கருவியாகக் கொண்டிருந்த வேறொன்றா என்ற வினா மீவியற்பியல். அவ்வினாவின் விளைவாக அவனது பாசம் உடலைவிட்டு நீங்கி, வெளியேறிச் சென்ற அந்த அறியாப் பொருளின்மீது படிகிறது. நாற்றமெடுக்கத் தொடங்கும் உடலை என்செய்வதென அவன் திகைத்து நிற்கையில், ஒரு காகம் தான் கொன்ற மற்றொரு காகத்தை மண்ணைக் கிளறிப் புதைப்பதைக் காண்கிறான். ஆதமின் மகனுக்குக் காகம் கற்பித்ததைத் திருமறையின் ஐந்தாம் அத்தியாயத்தில் ஓதிய வாசகருக்கு மேற்கொண்டு விளக்கம் வேண்டா. ஆனால் அங்கே கொலைகாரன் கற்றதை இங்கே பாசமுள்ள மகன் கற்கிறான். இந்த மாற்றத்தை ஆசிரியர் எவ்விதக் குறிப்புரையுமின்றிச் செய்துள்ளார்.

அதன்பின் ஏழேழ் ஆண்டுகளாக ஹய்யின் வளர்ச்சி அமைகிறது. தீயைக் கண்டறிகிறான், விலங்குகளை அறுத்து ஆய்கிறான், பல்வேறு உயிர்களில் வேற்றுமையையும் அவ்வேற்றுமைக்குள் ஒருமையையும் காண்கிறான். நீர் சூடேறுவதைக் கண்டு, ஒரு பொருளில் முன்பில்லாத தன்மை தோன்றுமாயின் அதனைத் தோற்றுவித்த ஒன்று இருந்தாக வேண்டும் என்ற முடிவுக்கு இருபத்தெட்டாம் வயதளவில் வருகிறான். பின்னர் அவன் நோக்கு வானுலகத்தை நாடுகிறது. இப்பகுதிகள் அரிஸ்டாட்டிலின் இயற்கையியலை அறியாதாருக்குச் சற்று வறட்சியாகத் தோன்றக்கூடும். வானகோளங்களைப் பற்றிய அன்றைய கருத்துகள் காலாவதியாகிவிட்டன. இவற்றை விரைந்து கடந்து செல்வதால் மாணவருக்குப் பெரிதும் இழப்பில்லை.

ஆயினும் ஓரிடத்தில் அவர் நின்றேயாக வேண்டும். இவ்வுலகம் என்றும் இருந்ததா, இல்லாமையிலிருந்து தோன்றியதா என்ற வினாவை ஹய் எழுப்பிக்கொண்டு, விடை காணாமல் சில ஆண்டுகள் தடுமாறுகிறான். என்றும் இருந்தது எனில் முடிவிலியான காலம் கடந்து முடிந்திருக்க வேண்டுமே என்ற இடர். தோன்றியது எனில், தோன்றுவதற்கு ‘முன்’ என்ற காலம் எங்கிருந்தது, முன்னரன்றி அப்போது தோன்றியது ஏன் என்ற இடர். அற்றைநாளில் இது வெறும் ஏட்டு வினா அன்று. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் ‘தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா’வில் மெய்யியலாளரை இருபது விடயங்களில் மறுத்து, அவற்றுள் மூன்றில் அவர்களை இறைமறுப்பாளர் எனத் தீர்ப்பளித்தார். உலகம் தொன்மையானது என்ற கொள்கை அம்மூன்றனுள் முதலாவது. இப்னு துஃபைல் இக்கத்திமுனையை எவ்வாறு கடக்கிறார்? இரு கொள்கைகளும் எங்குக் கொண்டுசேர்க்கின்றன என ஹய்யை ஆராயச் செய்கிறார். தோன்றியது எனில் தோற்றுவித்தவன் வேண்டும், அவன் உடலுடையவனாக இருத்தல் இயலாது. என்றும் இயங்குகிறது எனில் முடிவற்ற இயக்கத்துக்கு முடிவற்ற ஆற்றல் வேண்டும், அதுவும் உடலில் அடங்காது. இருவழியும் உடலற்ற ஒரே கட்டாய உள்ளமையை, அதாவது ‘வாஜிபுல் வுஜூதை’ச் சென்றடைவதால் ஹய்யின் தடுமாற்றம் நீங்கிவிடுகிறது.

இது திறமையான தீர்வு. ஆனால் நிறைவான தீர்வு என நாம் கருதவில்லை. இமாம் அவர்கள் எழுப்பிய வினா, படைப்பாளன் உளனா என்பது மட்டுமன்று. அவன் தன் நாட்டத்தால் தேர்ந்து படைத்தானா, அன்றி ஞாயிற்றிலிருந்து ஒளி வழிவதுபோல் உலகம் அவனிடமிருந்து தவிர்க்கவியலாது வழிந்ததா என்பதே. இரு பாதைகளும் ‘ஒருவன்’ என்ற சொல்லில் சந்திப்பது மெய்யே. எனினும் ஒரு பாதையின் முடிவில் நாடுகின்ற இறைவன் இருக்கிறான், மற்றதன் முடிவில் அது உறுதியன்று. பிரார்த்தனைக்குப் பொருளுண்டா என்பதே இவ்வேறுபாட்டைப் பொறுத்தது. இருதரப்புக்கும் இசைவான முடிவைக் காட்டி வினாவையே மறையச் செய்தல் ஒரு வாதமுறை. அதனை மாணவர் இங்கேயே இனங்கண்டுகொள்வாராயின் பின்னர் வேறெந்த நூலிலும் அதற்கு ஏமாற மாட்டார்.

அறிவாய்வியலைப் பொறுத்தவரை, நூலின் முன்னுரையில் வரும் உவமை ஒன்று கதையினும் பயன் மிக்கது. பிறவியிலேயே கண்ணற்ற, ஆனால் கூரிய மதியுடைய ஒருவர் ஒரு நகரில் வளர்கிறார். அதன் தெருக்கள், கடைகள், மனிதர்கள் அனைத்தையும் பிறபுலன்களால் அறிந்து வழிகாட்டியின்றி நடமாடுகிறார். நிறங்களை மட்டும் பெயராலும் விளக்கத்தாலும் அறிந்துள்ளார். ஒருநாள் பார்வை கிட்டுகிறது. அவர் அறிந்திருந்ததற்கு மாறாக எதுவும் அங்கே இல்லை. எல்லாம் அவ்வாறே உள்ளன. எனினும் இரண்டு பெருகியிருக்கின்றன: தெளிவும் பேருவகையும். தர்க்கத்தால் அறிபவருக்கும் அகச்சுவையால் (தவ்க்) அறிபவருக்கும் உள்ள வேறுபாடு இதுவே என்கிறார் ஆசிரியர். பகுத்தறிவின் முடிபை ஆன்மிக அனுபவம் பொய்யாக்குவதில்லை, அதன் ஒளியைக் கூட்டுகிறது என்ற இந்நிலைப்பாடு, அறிவையும் அனுபவத்தையும் எதிரெதிரே நிறுத்திப் பழகிவிட்ட நமக்குச் சிந்திக்கத்தக்கது. ஆனால் முன்பிருந்த அறிவு தவறாகவே இருந்தது எனப் பார்வை கிட்டியபின் கண்டறியும் வாய்ப்பை உவமை முன்கூட்டியே அடைத்துவிடுகிறது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் ஐயக்காலத்தில் புலன்களை அறிவும், அறிவை அதற்கப்பாற்பட்ட ஒன்றும் பொய்ப்பிக்கக்கூடும் என அஞ்சினாரே, அந்த அச்சம் இப்னு துஃபைலிடம் இல்லை. அவருடைய கண்ணற்றவர் ஒருபோதும் தவறவில்லை.

ஒழுக்கவியலுக்கு வருவோம். தன்னிடம் விலங்கின் கூறும், வானகோளங்களின் கூறும், கட்டாய உள்ளமையை அறியவல்ல கூறும் இருப்பதாகக் கண்ட ஹய், மூவகைப் போலச்செய்தலைத் தன்மீது விதித்துக்கொள்கிறான். முதலாவது, உடலைப் பேணுவதற்குப் போதிய அளவு உண்ணல். இதற்கு அவன் வகுக்கும் விதிகள் வியப்புக்குரியன. நன்கு கனிந்த பழத்தின் சதையை உண்டு, விதையைப் பாறையிலோ உவர்நிலத்திலோ எறியாது முளைக்கத்தக்க மண்ணில் இட வேண்டும். அது கிட்டாவிடில் மிகுதியாக உள்ள செடியினத்தை, அதுவும் கிட்டாவிடில் மிகுதியாக உள்ள விலங்கினத்தை நாட வேண்டும். எவ்வினமும் பூண்டோடு அழியுமாறு உண்ணலாகாது. இரண்டாவது, வானகோளங்கள் கீழுலகுக்கு ஒளியும் வெம்மையும் வழங்குவதுபோல், நிழலில் வாடும் செடிக்குத் தடையை நீக்குதல், முள் தைத்த விலங்குக்கு முள்ளெடுத்தல், தன்னைத் தூய்மையாக வைத்திருத்தல். சூழலியல் அறம் இருபதாம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பு என எண்ணுவோர் இப்பக்கங்களை வாசிக்கட்டும்.

மூன்றாவது போலச்செய்தலோ முதலிரண்டையும் விழுங்கிவிடுகிறது. கட்டாய உள்ளமையைத் தவிர மற்றனைத்தையும் மறத்தலே அதன் இலக்கு என்பதால், ஹய் தன் குகையில் கண்களை மூடித் தலைதாழ்த்தி அமர்ந்துவிடுகிறான். செடிக்கு நீர்பாய வழிசெய்வதும் முள்ளெடுப்பதும் உடலோடு தொடர்புடைய செயல்கள் ஆதலின் அவையும் கைவிடப்படுகின்றன. அந்தச் செடிகளின் கதி என்ன? நூலில் அதற்கு விடையில்லை. உயர்ந்த அறம் தாழ்ந்த அறத்தை நிறைவு செய்ய வேண்டுமா, நீக்கிவிட வேண்டுமா என்பது ஒழுக்கவியலின் தீராத வினாக்களுள் ஒன்று. நபிமார்களின் வாழ்வை முன்மாதிரியாகக் கொண்ட சமுதாயம் இதில் ஹய்யின் பக்கம் நிற்றல் அரிது என்றே எண்ணுகிறோம்.

அளவையியல் இந்நூலில் எங்கே உள்ளது? தேடினும் கிடைக்காது. ஹய் கச்சிதமாக அனுமானிக்கிறான். ஆனால் அனுமானத்தின் விதிகளைப் பற்றி ஒருபோதும் சிந்திப்பதில்லை. இது தற்செயலான விடுபாடு அன்று எனக் கருதுகிறோம். தன் கூற்றை மறுப்பதற்கு இன்னொருவர் இருக்கும்போதே, எது செல்லும் வாதம், எது செல்லாதது என்ற ஆய்வு தேவைப்படுகிறது. ஹய்யை மறுக்க எவருமில்லை. மொழியும் இல்லை. ஐம்பது வயதுவரை ஒரு சொல்லும் அறியாத ஒருவன் பொருள், வடிவம், கட்டாயம், இயலுமை ஆகிய கருத்துகளை எவ்வாறு பிரித்தறிந்து நினைவில் வைத்திருந்தான்? நூலின் மிகப் பெரிய வலுக்குறை இதுவே. அப்ஸால் வந்து பொருள்களைச் சுட்டிக்காட்டிப் பெயர்களைக் கற்பிக்கையில், ஹய் ஏற்கெனவே முழுமையாக வைத்திருந்த எண்ணங்களுக்குச் சொல்லட்டைகளை ஒட்டிக்கொள்வதாகவே ஆசிரியர் சித்திரிக்கிறார். மொழி என்பது எண்ணத்தின் ஆடை மட்டும்தானா? இன்றைய மெய்யியலின் பெரும்பகுதி இவ்வினாவைச் சுற்றியே நிகழ்கிறது. நம் அரபுக் கல்லூரிகளில் தலைமுறைகளாக ஓதப்பட்டுவரும் மன்திக் பாடநூலாகிய அப்ஹரியின் ‘ஈஸாகூஜி’, சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பிலிருந்தே தொடங்குகிறது என்பதை இங்கு ஒப்புநோக்கலாம். கதையின் குறையை அச்சிறுநூல் ஈடுசெய்யும்.

அப்ஸாலின் வருகையோடு நூல் அரசியல் மெய்யியலுக்குள் நுழைகிறது. அண்டைத் தீவில் முற்கால நபி ஒருவரின் மார்க்கம் நிலவுகிறது. மறைபொருளை நாடும் அப்ஸால் தனிமை வேண்டி ஹய்யின் தீவுக்கு வருகிறார். வெளிப்பொருளைப் பற்றி நிற்கும் அவருடைய நண்பர் ஸலாமான் மக்களோடு தங்கிவிடுகிறார். அப்ஸாலிடமிருந்து மார்க்கத்தை அறிந்த ஹய், தான் தனித்துக் கண்டதும் அதுவும் ஒன்றே என உணர்ந்து நம்பிக்கை கொள்கிறான். இரு ஐயங்கள் மட்டும் எஞ்சுகின்றன: இறைத்தூதர் மெய்ம்மையை நேரே கூறாது உவமைகளால் கூறியது ஏன்? மக்கள் பொருளீட்டுவதை அனுமதித்தது ஏன்? மெய்ம்மையைத் திறந்து காட்டினால் மக்கள் ஏற்பர் என்ற நம்பிக்கையோடு, வழிதவறி வந்த கப்பலொன்றில் அவன் அப்ஸாலுடன் அத்தீவுக்குச் செல்கிறான். அங்கு ஸலாமான் ஆட்சியாளர். ஹய் வெளிப்பொருளைக் கடந்து பேசத் தொடங்கியதும் மக்கள் முகஞ்சுளித்து ஒதுங்குகின்றனர். இறுதியில் தன் ஐயங்களுக்கு அம்மக்களே விடை என்பதை உணரும் ஹய், அவர்களிடம் மன்னிப்புக் கோரி, தங்கள் வழியிலேயே உறுதியாக இருக்குமாறு அறிவுறுத்திவிட்டு அப்ஸாலோடு தன் தீவுக்குத் திரும்புகிறான்.

இம்முடிவு குறித்து நம் வாசகர் ஒவ்வொருவரும் ஒரு நிலைப்பாடு எடுத்தேயாக வேண்டும். மெய்யியல் சிலருக்கு மட்டுமே உரியது, பொதுமக்களிடம் அதனைக் கொண்டுசெல்வது இருசாராருக்கும் கேடு என்பதே இப்னு துஃபைலின் தீர்ப்பு. அவருடைய ஆதரவில் வளர்ந்த இப்னு ருஷ்தும் ‘ஃபஸ்லுல் மகா’லில் மக்களைச் சொல்நயத்தால் இணங்குவோர், விவாதத்தால் இணங்குவோர், நிரூபணத்தால் இணங்குவோர் என மூவகையாக்கி, மூன்றாமவருக்குரிய விளக்கத்தை ஏனையோரிடம் வெளியிடலாகாது என்றார். அக்காலச் சூழலைக் கருத்தில் கொண்டே இதனை மதிப்பிட வேண்டும். 1160-களின் இறுதியில் இப்னு ருஷ்தைக் கலீஃபா அபூ யஃகூபிடம் அறிமுகப்படுத்தியவர் இப்னு துஃபைலே. வானம் தொன்மையானதா தோன்றியதா என்பதில் மெய்யியலாளர் கருத்து என்னவெனக் கலீஃபா வினவ, இப்னு ருஷ்த் அஞ்சி, தாம் அக்கல்வியில் ஈடுபட்டதேயில்லை என மறுத்தார் என்றும், கலீஃபா அவ்விடயத்தை இப்னு துஃபைலோடு விரிவாகப் பேசத் தொடங்கிய பின்னரே அவர் அச்சம் தெளிந்தார் என்றும் வரலாற்றாசிரியர் அப்துல் வாஹித் அல்மராகிஷீ பதிவு செய்துள்ளார். அவ்வச்சம் வீணன்று. 1195-இல், அடுத்த கலீஃபாவின் காலத்தில், இப்னு ருஷ்த் நாடுகடத்தப்பட்டார். அவருடைய மெய்யியல் நூல்கள் எரிக்கப்பட்டன. இப்பின்புலத்தில் ஹய் தீவுக்குத் திரும்புவதை ஆணவம் என்பதைவிட எச்சரிக்கை என்பதே பொருந்தும்.

ஆனால் எச்சரிக்கையைக் கொள்கையாக உயர்த்தியது பிழை. மக்கள் ஏற்கவில்லை என்பதிலிருந்து அவர்களால் ஏற்க இயலாது என்ற முடிவு பிறக்காது. ஹய் எத்தனை நாள் கற்பித்தான், எங்கிருந்து தொடங்கினான், அவர்களுடைய வினாக்களுக்குச் செவிசாய்த்தானா? அவனுக்கு வாய்த்த ஐம்பது ஆண்டு ஓய்வு அந்த வணிகருக்கும் உழவருக்கும் வாய்த்ததா? இறந்த மானின் நெஞ்சைப் பிளந்து தேடியபோது அவன் கல்வியாளன் அல்லன். தாயை இழந்த ஒரு பிள்ளை. அத்தீவில் தாயை இழந்த பிள்ளைகள் வேறெவரும் இல்லையா? ஹய் அவர்களிடம் தன் முடிவுகளைச் சொன்னான்; தன் மானைப் பற்றிச் சொல்லவில்லை.

இவ்விடத்தில் இன்னொரு மருத்துவரின் மறுமொழியையும் சேர்த்து வாசித்தல் நலம். நுரையீரல்வழிக் குருதிச் சுற்றோட்டத்தை விளக்கிய இப்னுந் நஃபீஸ் (இறப்பு 1288) ‘அர்ரிஸாலத்துல் காமிலிய்யா’ என்ற பெயரில் ஒரு கதை எழுதினார். அதன் நாயகன் காமிலும் ஒரு தீவில் தனித்தே தோன்றுகிறான். ஆனால் கப்பலொன்றில் மக்கள் வந்து, ஆடையும் சமைத்த உணவும் தந்த பின்னர், மனிதன் தனித்து நன்கு வாழவியலாதவன் என்பதை அவன் உணர்கிறான். கூடிவாழ்வதற்குச் சட்டம் வேண்டும், சட்டத்தைக் கொணர நபி வேண்டும் என அவன் சிந்தனை செல்கிறது. ஹய்க்குச் சமுதாயம் இறுதியில் வந்த இடையூறு. காமிலுக்கோ அது சிந்தனையின் தொடக்கம். இலக்கிய அழகில் இது முன்னதற்கு நிகராகாது. வாதத்தில் இதுவே நமக்கு நெருக்கமானது.

இந்நூல் ஐரோப்பாவில் பெற்ற வரவேற்பைப் பற்றி ஒரு சொல். 1349-இல் மோஸே நார்போனி ஹீப்ரு மொழியில் இதற்கு உரை எழுதினார். 1671-இல் ஆக்ஸ்ஃபோர்டில் இளைய எட்வர்ட் போக்காக் அரபு மூலத்தோடு இலத்தீன் பெயர்ப்பை வெளியிட்டார். 1708-இல் சைமன் ஓக்லி மூலத்திலிருந்தே ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1719-இல் வெளிவந்த டேனியல் டிஃபோவின் ‘ராபின்சன் குரூசோ’ இதிலிருந்து களவாடப்பட்டது என நம்மவர் சிலர் அடித்துக் கூறுவர். டிஃபோ இதனை வாசித்திருக்க வாய்ப்புண்டு. வாசித்தார் என்பதற்கு உறுதியான சான்றில்லை. மேலும் இரண்டும் ஒன்றல்ல. குரூசோ தன் நாகரிகத்தைக் கப்பலிலிருந்து மூட்டை கட்டி இறக்கிக்கொண்டு தீவை உடைமையாக்குகிறான். ஹய் வெறுங்கையோடு தொடங்கித் தன்னையே துறக்கிறான். அந்த ஒற்றுமையைக் காட்டிப் பெருமை கொள்வதைவிட இவ்வேற்றுமையை ஆராய்தல் பயனளிக்கும்.

தொடக்கநிலை வாசகருக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. நூலின் முன்னுரையில் ஃபாராபி, இப்னு ஸீனா, இப்னு பாஜ்ஜா, கஸ்ஸாலி ஆகியோரை இப்னு துஃபைல் ஒவ்வொருவராக எடைபோடுகிறார். அவர்களை அறியாதவர் அங்கேயே சோர்ந்து நூலை மூடிவிடக்கூடும். முதல் வாசிப்பில் அதனை விட்டுவிட்டுக் குழந்தை தீவில் காணப்படும் இடத்திலிருந்து தொடங்கலாம். முழுக்கதையையும் முடித்து, அந்நால்வருள் ஒருவரையாவது வேறு நூல்வழி அறிந்துகொண்ட பின், கண்ணற்றவரின் உவமைக்காக அம்முன்னுரைக்குத் திரும்ப வேண்டும். அப்போது, உவமையில் வரும் நகரம் மனிதர்கள் நிறைந்தது என்பதையும், கதை நிகழும் தீவு அவ்வாறன்று என்பதையும் அவர் தாமே கவனித்துவிடுவார்.